தலைவர் கழுத்துக்கு ஒரு டன் பலாப்பழம்

செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில், புதிதாகச் சேர்ந்த கிரேன் ஆப்பரேட்டர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். ஓய்வு பெற்று வீட்டில் கிடந்த என்னையும் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். வகுப்பு எடுத்த பெண் அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "காலமெல்லாம் ஹைட்ரா கிரேன் ஓட்டியிருக்கீங்க சார். நீங்க தூக்கினதுலயே ரொம்பக் கஷ்டமான லோடு எது?"

பாய்லர் என்பேன், இல்லாவிட்டால் ரியாக்டர் என்பேன் என்று பிள்ளைகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் "பலாப்பழ மாலை" என்றேன். பேனாக்களை மூடிவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கேள்வி கேட்டால் பதிலைக் கேட்க வேண்டாமா? அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கலியபெருமாள். ஊர் மேல்பட்டாம்பாக்கம். கரும்பு லாரியில் கிளீனராக ஏறினேன், டிரைவராக இறங்கினேன், கடலூரில் ஒரு கிரேன் முதலாளியிடம் ஹைட்ரா ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் மண் மூட்டையைத் தூக்கச் சொன்னார்கள், பிறகு கல்லை, பிறகு ஊரான் பொருளை.

ஹைட்ராவைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மஞ்சள் நிறத்தில், முன்னால் நீளமாக ஒரு கையை நீட்டிக்கொண்டு, பின்னால் வருகிற அத்தனை பேர் வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டு ரோட்டில் மெதுவாகப் போகுமே, அதுதான். அந்தக் கையை பூம் என்போம். பூம் நுனியில் கொக்கி. கொக்கியில் சரக்கை மாட்டிவிட்டால் ஓட்டுகிறவன் கண்ணுக்குச் சரக்கு மட்டும்தான் தெரியும். அதன் கீழே யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. அதனால் தரையில் ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார். அவர்தான் சிக்னல்மேன். அவர் ஏற்று என்றால் ஏற்ற வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும்.

எனக்கு வாய்த்த சிக்னல்மேன் அந்தோணிசாமி அண்ணன். கடலூர் பழைய டவுன்காரர், எனக்கு மேலே போர்மேன். காலையில் கோவிலில் பூசை பார்த்துவிட்டு, இஸ்திரி போட்ட காக்கியில் வேலைக்கு வருவார். சரக்கை ஒரு முறை சுற்றி வருவார். அதைக் கட்டிய ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்ப்பார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். அப்புறம் ஒரு சாண் மட்டும் தூக்கச் சொல்லி, ஆட்டம் அடங்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார். பக்கத்தில் மேனேஜர் நின்று கடிகாரத்தைப் பார்த்தாலும் அண்ணன் அசைய மாட்டார். "அவசரம்னா பஸ்ஸுல போவட்டும்" என்பார்.

அவருக்குச் சட்டம் மூன்றுதான். ஒரு கையைத் தவிர வேறு கையைப் பார்க்காதே. சரக்கு தொங்கும்போது சீட்டை விட்டு இறங்காதே. சரக்குக்குக் கீழே ஆளை விடாதே. கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. என்னைப் "பெருமாளு" என்று கூப்பிட்டால் கோபம் இல்லை என்று அர்த்தம். "கலியபெருமாள் அவர்களே" என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அப்படி அவர் என்னை முதல் தடவை கூப்பிட்டது சிதம்பரத்தில். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கல்யாணத்துக்குச் சீராக வந்த பீரோ படிக்கட்டில் நுழையவில்லை என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பீரோ அந்தரத்தில் நிற்கும்போது மாடியிலிருந்து மாமனார் ஏற்று என்று கை காட்டுகிறார், தெருவிலிருந்து மாமியார் இறக்கு என்று கை காட்டுகிறார், வாஸ்து பார்க்க வந்தவர் தென்மேற்கு என்று கை காட்டுகிறார். நான் ஒரு நொடி அந்த அம்மாவின் கையைப் பார்த்துத் தொலைத்தேன். பீரோ அசைந்து போய், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைக் காலில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு தெருவில் நின்று, "சார், என் வேட்டி கல்யாண வீட்டுக்குள்ள போவுது" என்று என்னிடம் முறையிடுகிறார். அண்ணன் என் பக்கத்தில் வந்து நிதானமாகக் கேட்டார்: "கலியபெருமாள் அவர்களே, யாரு கையப் பாத்தீங்க?" அதற்குப் பிறகு சர்வீஸ் முடிகிற வரை நான் இன்னொரு கையைப் பார்த்ததில்லை.

இனி மாலைக்கு வருகிறேன். என் தங்கை தமிழரசியைக் காடாம்புலியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் செல்வமணி, என் மச்சான். முந்திரி கொஞ்சம், பலா கொஞ்சம், கட்சி நிறைய. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அவரவருக்குப் பிடிக்காத கட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்குப் பதவி ஆசை இல்லை. சம்பாதிக்கிற ஆசையும் இல்லை, அது இருந்திருந்தால் தங்கையாவது நிம்மதியாக இருந்திருப்பாள். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தலைவர் தன் பெயரை ஒரு முறை வாயால் சொல்ல வேண்டும். தலைவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மச்சான் காலில் விழுந்து எழுந்து, "செல்வமணிங்க ஐயா, காடாம்புலியூரு" என்பார். தலைவர் தோளில் தட்டி, "நல்லா இருக்கியா தம்பி" என்பார். அடுத்த முறையும் தம்பிதான். ஒரு தடவை "செல்வ" வரைக்கும் வந்து, "செல்வராஜ்தான?" என்று முடித்துவிட்டார். அன்றைக்கு மச்சான் சாப்பிடவில்லை. பாதி வந்த சந்தோஷமா, மீதி வராத துக்கமா என்று தங்கைக்கே தெரியவில்லை.

இந்த நிலைமையில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் தலைவருக்குக் கிரேனில் ஆப்பிள் மாலை தூக்கிப் போட்டான். தலைவர் மைக்கில் அவன் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டார். மறுநாளே மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், நம்ம ஊர்ல இன்னா வெளையுது?"

"பலா."

"அப்புறம் இன்னாத்துக்கு ஆப்பிள்? காஷ்மீர்க்காரன் போடட்டும் ஆப்பிள்ல. நாம பலாப்பழத்துல போடுவோம்."

"தலைவரு கழுத்து முறிஞ்சிடும் மச்சான்."

"கழுத்துல மாட்ட யாரு சொன்னா? ஒன் கிரேன்தான புடிச்சிக்கிட்டு இருக்கப் போவுது. அவரு நடுவுல தலைய நீட்டுனாப் போதும்."

முடியாது என்று சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணே, மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத. அந்த ஆளு வாயால ஒரு தரம் பேரச் சொல்லிட்டா இவரு அடங்கிடுவாரு. எனக்கும் என் வூட்டுக்காரரு திரும்பக் கெடைப்பாரு" என்றாள். அவள் சாதாரணமாக எதையும் கேட்கிறவள் இல்லை. எனக்கு மனசு கரைந்துவிட்டது. முதலாளியும் சரி என்றுவிட்டார். வாடகை வந்தால் எமனுக்கே வண்டி அனுப்பக்கூடிய ஆள் அவர்.

பாக்கி இருந்தது அந்தோணி அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கோவில் வாசலில் பிடித்துச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"சரக்கு இன்னா?"

"பலாப்பழம்ணே."

"வெயிட்டு எவ்ளோ?"

"தெரியாதுண்ணே."

"சென்டர்ல இன்னா இருக்கும்?"

"தலைவரு இருப்பாருண்ணே."

அண்ணன் கோவிலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "சரக்குக்குக் கீழ ஆளு நிக்கக் கூடாதுன்னு நான் நாக்கு தேயச் சொல்லிக்கிட்டிருக்கேன். இங்க கீழ ஆளு நிக்கறதுக்காகவே சரக்கத் தூக்கறாங்க" என்றார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "நானும் வர்றேன். நீ தனியாப் போனா மாலை ஒனக்குத்தான் வுழும்" என்றார்.

காடாம்புலியூர் மெயின் ரோட்டில் ஒரு வெல்டிங் கடையில் இரும்புப் பைப்பை மாலை மாதிரி வளைத்துக் கொடுத்தார்கள். அதில் பலாவைக் காம்போடு கட்டுவது என்று ஏற்பாடு. பலா மண்டியில் இருந்த பெரியவர் ஒருவர், "காயாக் கட்டுங்கப்பா. பழுத்தா காம்பு கழண்டுக்கும். அறுத்ததும் பால் வடிய வுட்டுட்டுக் கட்டுங்க" என்று தெளிவாகச் சொன்னார். பலாவோடு பிறந்து வளர்ந்த மச்சானுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் விவசாயி இல்லை, கட்சிக்காரர். வாசனை வராவிட்டால் அது பலா மாலையா என்றார். தலைவர் மூக்குக்கு நேராகப் பழம், மற்ற இடமெல்லாம் காய் என்று முடிவு செய்தார். பால் வடியக் காத்திருந்தால் வாடிவிடும் என்று, தலைவர் வருகிற அன்று காலையில் அறுத்ததை அறுத்த சூட்டோடு கட்டினார்கள்.

அண்ணன் வழக்கம்போல மாலையைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தார். நாலாவது கட்டில் கை ஒட்டிக்கொண்டது. "என் சர்வீஸ்ல சரக்கு என்னப் புடிச்சது இதான் மொதல் தடவ" என்று சொல்லிவிட்டு, கையைப் பிய்த்துக்கொண்டு சிலுவை போட்டார். நெற்றியில் வைத்த விரல் சுலபத்தில் வரவில்லை. பிதா முடிந்து சுதன் வருவதற்கு நேரமாகிவிட்டது. நான் சிரிக்கக்கூடாது என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சாண் தூக்கி நிறுத்தினோம். வண்டியின் எடை மீட்டர் ஒரு டன்னைத் தாண்டிக் காட்டியது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "ஆப்பிள்காரன் இதுல பாதி இருந்திருப்பானா?" என்று சந்தோஷப்பட்டார்.

காலையில் வருகிறேன் என்ற தலைவர் உச்சி வெயில் வரை வரவில்லை. மாலையைத் தரையில் வைக்கோல் போட்டு இறக்கி வைத்தோம். முதலில் ஆடுகள் வந்தன. ஆடுகளை விரட்ட வந்தவர்கள் "ஒரு சுளைதானே" என்று ஆரம்பித்தார்கள். விட்டால் தலைவர் வருவதற்குள் பைப்புதான் மிஞ்சும் என்று மறுபடியும் மேலே தூக்கிவிட்டோம். சரக்கு தொங்குகிறது, ஆகவே நான் சீட்டை விட்டு இறங்க முடியாது.

மச்சானுக்கு என் மேல் அன்றைக்கு என்றும் இல்லாத பாசம். நன்னாரி சர்பத் அனுப்பினார். மோர் அனுப்பினார். இளநீர் அனுப்பினார், பிறகு தர்பூசணி. வெயிலுக்கு இதமாக இருக்கிறதே என்று நானும் வாங்கி வாங்கி உள்ளே தள்ளினேன். பின்னால் வரப்போவதை யோசிக்கவில்லை. கிரேன் சைகைகளில் ஏற்றுவதற்கு ஒன்று உண்டு, இறக்குவதற்கு ஒன்று உண்டு, திருப்ப, நீட்ட, மடக்க எல்லாவற்றுக்கும் உண்டு. ஆப்பரேட்டருக்கு அவசரமாக ஒண்ணுக்கு வருகிறது என்பதற்கு மட்டும் இல்லை. நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுண்டு விரலைக் காட்டினேன். அண்ணன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நிறுத்து என்று அர்த்தம். நிறுத்திக்கொண்டேன்.

வெயில் ஏற ஏறப் பழம் இளகியது. வாசனை பண்ருட்டி வரை போயிருக்கும். ஈ வந்தது, குளவி வந்தது. கடைசியில் முதல் பழம் காம்பைக் கழற்றிக்கொண்டு கீழே வந்தது. மேளக்காரர்கள் தவில்களை இறக்கி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பழம் ஒரு தவிலின் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. தவில்காரர் எழுந்து வந்து ஓட்டையைப் பார்த்தார். உள்ளே கையை விட்டு ஒரு சுளையை எடுத்துத் தின்றார். "பழம் நல்லாத்தான் இருக்குது. தவிலுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார்.

அந்தோணி அண்ணன் மச்சானிடம் போனார். "இதோட வுட்டுடுங்க. யாரு மண்டையிலயாவது வுழறதுக்கு முன்னாடி இறக்கிடலாம்" என்றார்.

மச்சான் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நான் சீட்டு கேக்கல, காண்ட்ராக்ட் கேக்கல. எங்கப்பா வச்ச பேரு, அத அவரு ஒரு தரம் சொல்லணும். அவ்ளோதாண்ணே" என்றார். குரல் உடைந்துவிட்டது.  அண்ணன் பதில் சொல்வதற்குள் தலைவருக்கு முன்னால் வருகிற பைலட் கார் சத்தம் கேட்டது. மச்சான் பிடித்த கையும் பலாப்பாலில் ஒட்டிக்கொண்டதால் இருவரும் சேர்ந்தே தலைவரை வரவேற்கப் போனார்கள்.

தலைவர் வேன் கூரையில் திறப்பு வைத்து, அதன் வழியாக இடுப்புக்கு மேல் வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டு வந்தார். கூடவே தொண்டர் படை. ஒவ்வொரு தொண்டர் வாயிலும் ஒரு விசில். அண்ணன் தன் விசிலை ஒரு தரம் ஊதிப் பார்த்துவிட்டு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒரு ஆயில் டிரம்மை உருட்டி வந்து அதன் மேல் ஏறி, என் கண்ணுக்கு நேராக நின்றார். கூட்டமே எனக்குக் கை காட்டியது. நான் டிரம்மின் மேல் நின்ற கையை மட்டும் பார்த்தேன்.

மாலை இறங்கியது. வரவேற்புரை சொன்னவர் மச்சானின் பெயரைச் சொன்ன நேரம் பார்த்துச் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். பெயர் வெடியில் போய்விட்டது. தலைவர் மாலைக்கு நடுவே நின்றார். இரண்டு கையாலும் பழத்தைத் தடவிக் கொடுத்தார். வாசனை பிடித்தார். முகம் மலர்ந்து மைக்கை வாங்கினார். "இந்த அருமையான மாலையை எனக்கு அணிவித்த" என்று ஆரம்பித்து, கீழே கைகூப்பி நின்ற மச்சானைப் பார்த்தார். யோசித்தார். "இந்தத் தம்பிக்கு என் வாழ்த்துகள்" என்று முடித்தார்.

மச்சானின் கூப்பிய கை அப்படியே இருந்தது. முகம்தான் விழுந்துவிட்டது.  தலைவர் கழுத்தில் ஏறிய மாலை ஊருக்குச் சொந்தம் என்பது கிரேன் மாலையில் எழுதாத வழக்கம். தலைவர் "வாழ்த்துகள்" என்றதும் கூட்டம் பாய்ந்தது. வலது பக்கம் என் வண்டி நின்றதால் எல்லோரும் இடது பக்கமாகவே வேனில் ஏறி, இடது பக்கத்துப் பலாவையே பிய்த்தார்கள். எத்தனையோ சரக்கைத் தூக்கியிருக்கிறேன், தொங்கும்போதே ஆட்கள் தின்ற சரக்கு அது ஒன்றுதான். இடது பக்கம் காலியானது, வலது பக்கம் அப்படியே இருந்தது. பைப் வளையம் சாய்ந்தது. பழுத்த பழங்கள் கழன்று கூரைத் திறப்பு வழியாக வேனுக்குள்ளேயே விழுந்தன. தலைவர் முழங்கால் வரை பலாப்பழத்தில் நின்றார்.

அண்ணன் கை ஏற்று என்றது. ஆளை விட்டுச் சரக்கைப் பிரிக்க அதுதான் ஒரே வழி. ஏற்றினேன். மாலை மேலே போனது, தலைவரின் தோளில் இருந்த துண்டும் பாலில் ஒட்டிக்கொண்டு கூடவே போனது. கட்சிக் கலர் துண்டு பூம் உயரத்தில் பறந்தது. இது ஏற்பாட்டில் உள்ளதுதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

தலைவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உதவியாளரிடம் ரகசியமாகக் கேட்க நினைத்தார். மைக் கையை விட்டு வரவில்லை. பலாப்பால் அதைப் பிடித்துக்கொண்டது. அதனால் ரகசியம் அத்தனை குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது.

"எவன்யா இந்த மாலையப் போட்டது?"

உதவியாளர் அவர் காதில் சொன்னதும் கேட்டது. "செல்வமணிங்க ஐயா. காடாம்புலியூரு."

"செல்வமணியா? எங்க அந்த செல்வமணி? டேய் செல்வமணி, இங்க வாடா. மைக்க எடுடா கையில இருந்து. செல்வமணி, என் துண்டு மேல போவுது பாரு, இறக்கச் சொல்லு. செல்வமணி, காதுல வுழுதா?"

தோப்புத் தோப்பாக, தெருத் தெருவாக அந்தப் பெயர் கேட்டது. மச்சான் நடுரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் ஒரு பழம் விழுந்து சிதறியது, அவருக்குத் தெரியவில்லை.

தலைவர் இறக்கு என்று கை காட்டினார். உதவியாளர் காட்டினார், தொண்டர் படை காட்டியது, போலீஸ்காரர் காட்டினார், தவில்காரர் கூடக் காட்டினார். டிரம்மின் மேல் இருந்த கை மட்டும் முஷ்டியை மடக்கி, அசையாதே என்றது. நான் சிதம்பரத்து வேட்டியை நினைத்துக்கொண்டேன். அசையவில்லை.

"செல்வமணி, அந்தக் கிரேன்காரன் யாரு பேச்சையும் கேக்க மாட்டானா?" என்றது ஸ்பீக்கர்.

மச்சான் கண்ணைத் திறந்தார். "எங்க மச்சானுங்க ஐயா. அந்த அண்ணன் கைய மட்டுந்தான் பாப்பாரு."

தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒரு கையை எனக்குக் காட்டியபடியே, இன்னொரு கையால் வேனை முன்னால் போகச் சொல்லிக் காட்டினார். தலைவர் என்ன நினைத்தாரோ, வேன் கூரையை ஒரு தட்டுத் தட்டினார். வேன் நகர்ந்தது. கூட்டமும் அதன் பின்னாலேயே போனது. வேன் நின்ற இடம் காலியான சற்று நேரத்துக்கெல்லாம் வலது பக்கத்துப் பலாவைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. ஆள் கனத்துப் பலாக்காய்கள் மொத்தமாக அந்தத் தார் ரோட்டில் விழுந்தன.   அண்ணன் இறக்கு என்றார். வெறும் பைப்பையும் தலைவர் துண்டையும் மெதுவாகத் தரையில் வைத்தேன். அண்ணன் டிரம்மில் இருந்து இறங்கி, முந்திரித் தோப்பைக் காட்டி, "இப்ப போ பெருமாளு" என்றார். என் சர்வீஸில் அவ்வளவு வேகமாக வேறு எந்த சிக்னலுக்கும் நான் கீழ்ப்படிந்ததில்லை.

நான் திரும்பி வரும்போது தமிழரசி தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு, கொஞ்சம் முன்னால் போய் நின்ற வேனில் ஏறியிருந்தாள். தலைவரின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். மைக் இன்னும் ஆன்தான்.

"நீ யாரும்மா?"

"செல்வமணி வூட்டுக்காரிங்க. கைய ஆட்டாதீங்க. ஒரு மனுஷன் பேர எத்தினி தரம் சொன்னாலும் ஞாபகம் வச்சிக்க மாட்டீங்களாங்க? அதனாலதான் இவ்ளோ பாடு."

தலைவர் கையை ஆட்டவில்லை. மைக் கழன்று வந்த பிறகும் ஆட்டவில்லை.

மச்சானுக்கு எந்தப் பதவியும் வரவில்லை. தவிலுக்குப் புதுத் தோல் போட்டுக் கொடுத்ததுதான் மிச்சம். வீடியோ எல்லார் போனிலும் சுற்றி ஓய்ந்தது. ஆனால் இன்று வரை தலைவரின் வேன் காடாம்புலியூர் வளைவுக்கு வந்தால் வேகத்தைக் குறைக்கும். தலைவர் எட்டிப் பார்த்து, "செல்வமணி எங்க? மாலை ஒன்னும் இல்லியே?" என்று கேட்பார். மச்சான் ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். "நல்லா இருக்கியா செல்வமணி?" என்று சொல்லிவிட்டு வேன் போகும். மச்சான் வீட்டுக்குப் போய்த் திருப்தியாகச் சாப்பிடுவார்.

அந்தப் பாதுகாப்பு வகுப்பில் பட்ட அவமானத்தைத் தங்கையிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். அப்போதுதான் கேட்டேன், "மச்சான் அடங்கிட்டாரா?"

"அவரு பேருக்கு அடங்கிட்டாருண்ணே. ஆனா போன தடவ தலைவரு, 'அந்தக் கிரேன்காரன் எப்படி இருக்கான்'னு கேட்டாராம். 'எங்க மச்சானுக்குப் பேரு இல்லியா'ன்னு அன்னிலேர்ந்து ஒரே பொலம்பல். இந்தா, பேசணுமாம்."

மச்சான் போனை வாங்கினார். "மச்சான், முந்திரிப் பழத்துல பால் வராதில்ல? அதுல ஒரு மாலை கட்டுனா இன்னா? ஒன் பேர அவரு வாயால சொல்ல வச்சிடறேன்."

பால் வராது, கறை வரும். முந்திரிக் கறை பட்ட வெள்ளை வேட்டி எந்த வெளுப்புக்கும் மசியாது. நான் வண்டி ஓட்டுவதை விட்டும் வெகு நாளாகிவிட்டது. இதையெல்லாம் சொல்லி, புத்தி கெட்டுப் போச்சா என்று திட்டி, போனை வைத்துவிட்டேன். ஆனாலும் கலியபெருமாள் என்று அந்த ஸ்பீக்கரில் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து தொலைத்தது.

அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "கலியபெருமாள் அவர்களே" என்றார்.  திட்டு வரப் போகிறது என்று போனைக் காதை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"வெயிட்டு எவ்ளோ வரும்?" என்றார்.